ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோ நொடி

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் ஒரு சர்வர் அறை, இரவு பதினொன்றரை மணி. தரைத் துளைகளிலிருந்து வரும் ஏசி காற்று கணுக்காலைக் குத்தியது. மின்விசிறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. புதிதாக வாங்கிய ஃபயர்வால் சர்வரை இணைப்பில் சேர்ப்பதற்கு முன் சோதித்துக்கொண்டிருந்தோம். என்னோடு இருந்தவர் வாரங்கல் பையன். வேலைக்கு வந்து ஓராண்டுகூட முடியவில்லை. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓடவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "அண்ணா, 9.4 வருது பாருங்க!"

10 கிகாபிட் கம்பியில் நொடிக்கு 9.4 கிகாபிட். பாக்கெட்டுகள் என்ற தகவல் துண்டுகளின் முகவரித் தலைப்புகளுக்கும் அவற்றுக்கிடையே விடும் இடைவெளிக்கும் போக, அந்தக் கம்பியில் அதற்கு மேல் கிடைக்காது. அவருடைய சந்தோஷத்தில் தப்பே இல்லை. "இப்ப 64 பைட் பாக்கெட்டா அனுப்பிப் பாருப்பா" என்றேன்.

அதே சர்வர், அதே கம்பி, அதே விதிகள். இம்முறை ஒரு கிகாபிட்டைக்கூடத் தொடவில்லை. அனுப்பியதில் பெரும்பகுதி மறுபக்கம் போய்ச் சேரவே இல்லை. சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தால் மொத்தப் பயன்பாடு 13 சதவீதம் என்றது திரை. எட்டு கோர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு கோர் 100 சதவீதத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மீதி ஏழும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன.

ஃபயர்வாலைத் தமிழில் தீயரண் என்று எழுதுகிறோம். வேலை செய்யும் இடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கே ஃபயர்வால் என்றே வைத்துக்கொள்கிறேன். அதன் வேலையைச் சொல்வது எளிது. வெளி உலகத்துக்கும் உள்வலையமைப்புக்கும் நடுவே உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எந்தக் கதவைத் தட்டப் போகிறாய் என்று கேட்டு, விதிப்பட்டியலைப் பார்த்து, விடவோ தடுக்கவோ செய்வது. ஒவ்வொரு பாக்கெட்டையும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். ஹைதராபாத் அவுட்டர் ரிங் ரோடு சுங்கச்சாவடியில் அறுபது பேர் ஒரே பஸ்ஸில் வந்தாலும் ஒரு சீட்டுதான். ஆளுக்கொரு காரில் வந்தால் அறுபது சீட்டு. கடந்தவர்கள் அறுபது பேர்தான், ஆனால் சாவடியில் இருப்பவருக்கு வேலை அறுபது மடங்கு. கிகாபிட் என்பது ஆட்களை எண்ணும் கணக்கு. ஃபயர்வால் எண்ணுவது வண்டிகளை.

வண்டிக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஈதர்நெட்டின் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். முன்னால் வரும் அடையாளக் குறிக்கும் பின்னால் விடும் இடைவெளிக்கும் 20 பைட். ஆக 84 பைட், 672 பிட். 10 கிகாபிட் கம்பியில் இவை நெருக்கியடித்து வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். மிகப் பெரிய 1518 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் அதே கம்பியில் 8 லட்சத்துச் சொச்சம்தான். பதினெட்டு மடங்கு வித்தியாசம், கம்பி நிறைந்திருப்பதோ இரண்டிலும் ஒரே அளவு. சின்ன பாக்கெட் மழையில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் நேரம் 67.2 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு அதற்குள் போடக்கூடிய அடி ஏறக்குறைய 200. கேட்க நிறைய போலத் தோன்றும். ஆனால் வேண்டிய தகவல் சிபியுவின் கைக்கெட்டும் கேஷ் நினைவகத்தில் இல்லாமல் போய், ரேமிலிருந்து எடுத்துவர நேர்ந்தால், அந்த ஒரே நடைக்கு 60 முதல் 100 நானோ நொடி ஆகிவிடும். ஒரே ஒரு முறை ரேமுக்குப் போய்வந்தாலே அந்த பாக்கெட்டின் நேரம் முடிந்தது.

இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஹைதராபாத்திலேயே சான்று இருக்கிறது. மாதாப்பூரில் 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதைத்தான் இந்த ஊரின் கணினி வரலாற்றின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஊருக்குள், மாசாப் டேங்கில் இருக்கும் ஒரு நிறுவனம். மா சாஹிபா என்ற அரச குடும்பத்துப் பெண்ணின் பெயரால் அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்தது. ஏரி போய்ப் பெயர் மட்டும் மாசாப் டேங்காக நிற்கிறது. அங்கேதான் ரிசர்வ் வங்கி 1996இல் வங்கித் தொழில்நுட்பத்துக்கென்று ஐடிஆர்பிடி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. 1999இல் இந்திய வங்கிகளுக்கு மட்டுமான இன்ஃபினெட் என்ற தனி வலையமைப்பு, விசாட் செயற்கைக்கோள் இணைப்புகளோடு அங்கிருந்து இயங்க ஆரம்பித்தது. 2004 ஆகஸ்ட் 27 அன்று, ஒரு வங்கியின் கார்டை இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் போட்டால் பணம் வரும்படி செய்யும் தேசிய நிதி ஸ்விட்ச் தொடங்கியது. கார்ப்பரேஷன் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, ஐசிஐசிஐ என்று மூன்றே வங்கிகளோடு ஆரம்பித்த அது, 2009 டிசம்பரில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ கைக்கு மாறியபோது 37 வங்கிகளையும் ஏறத்தாழ 50,000 ஏடிஎம்களையும் இணைத்திருந்தது.

கோயம்புத்தூரில் நின்று ஒருவர் 500 ரூபாய் எடுக்கும்போது ஏடிஎம்முக்கும் வங்கிக்கும் இடையே போகும் செய்தி எவ்வளவு பெரியது? சில நூறு பைட். கார்டு எண், தொகை, இடம், நேரம், ரகசிய எண்ணின் மறையாக்கம், அவ்வளவுதான். கைபேசியில் எடுத்த ஒரு போட்டோவின் அளவுக்குள் இப்படிப்பட்ட செய்திகள் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும். பணம் போகும் பாதைகளில் பாக்கெட்டுகள் சிறியவை, எண்ணிக்கையோ மலை. அங்கே நிற்கும் ஃபயர்வாலை "10 கிகாபிட் தாங்கும்" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கினால், சினிமா டவுன்லோட் செய்பவர்களுக்கான சோதனையில் பாஸானதை வங்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது போலாகும்.

விசாட் காலத்தில் இன்னொரு விஷயமும் மறைந்திருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. மேலே போய்க் கீழே வரக் கால் நொடி. பதிலும் அதே வழியில் வர அரை நொடி. அந்த அரை நொடிக்கு நடுவே ஃபயர்வால் ஒரு மில்லி நொடி தாமதித்தால் யார் கண்ணிலும் படாது. இன்று கண்ணாடி இழை. ஊருக்குள் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே போய்வர ஒரு மில்லி நொடிகூட ஆவதில்லை. வழி சுருங்கச் சுருங்க வாசற்காரர் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் சர்வருக்குத் திரும்புவோம். எட்டு கோர் இருந்தும் ஒன்று மட்டும் ஏன் திணறியது? இதற்கு விடை தேடினால் 1996இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் போய் நிற்போம். எழுதியவர்கள் ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும். ராமகிருஷ்ணன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். அவர்கள் சோதித்ததும் ஏறக்குறைய எங்கள் நிலைமையைத்தான்: ஒரு யூனிக்ஸ் கணினி, இரண்டு பக்கமும் வலையமைப்பு, நடுவே ஸ்கிரீன்டி என்ற பாக்கெட் வடிகட்டி. நொடிக்கு ஏறத்தாழ 2,000 பாக்கெட் வரை அது ஒழுங்காகக் கடத்தியது. வரத்து அதற்கு மேல் போனதும், கடத்தும் எண்ணிக்கை 2,000 என்று நிற்காமல் கீழே இறங்க ஆரம்பித்தது. 6,000 பக்கம் வந்தபோது ஒன்றுகூட மறுபக்கம் போகவில்லை. கணினி தூங்கிவிடவில்லை, முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் நெட்வொர்க் கார்டு "வந்திருக்கிறேன்" என்று சிபியுவை இடைமறிக்கிறது. கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு சிபியு அதை வாங்கி வைக்கிறது. வாங்கி வைத்ததைப் பரிசீலிக்கப் போவதற்குள் அடுத்த அழைப்பு. வாங்குவதிலேயே பொழுது போய்விடுவதால் எதையும் கொடுத்து அனுப்ப நேரமில்லை. வாசல் மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தால் அடுப்பில் வைத்தது என்ன ஆகும்?

அவர்கள் சொன்ன தீர்வு: முதல் மணி அடித்ததும் மணியை நிறுத்தி வை. வாசலுக்குப் போய், நிற்பவர்களில் ஓர் அளவு பேரை மட்டும் உள்ளே விட்டு, அவர்கள் வேலையை முடித்து அனுப்பு. வரிசை தீர்ந்த பிறகு மணியைத் திரும்பப் போடு. லினக்ஸின் நாபி என்ற ஏற்பாட்டில் இன்றும் ஓடுவது இந்த யோசனைதான்.

அதற்கு அடுத்த படி, வாசலையே பலவாக்குவது. இன்றைய நெட்வொர்க் கார்டுகளில் பல வரிசைகள் உண்டு. வந்த பாக்கெட்டின் இரு முனை முகவரிகளையும் போர்ட் எண்களையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு, வரும் விடையைப் பொறுத்து இன்ன வரிசை, இன்ன கோர் என்று கார்டே பிரித்துவிடும். ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் முன்பின் ஆகிவிடாமல் ஒரே கோருக்குப் போகும். வெவ்வேறு உரையாடல்கள் வெவ்வேறு கோருக்குப் பரவும். எங்கள் சர்வரிலும் இந்த வசதி இருந்தது, இயக்கியும் வைத்திருந்தோம். பிறகு ஏன்?

அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அந்தப் பையன்தான் கண்டுபிடித்தார். சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பிய கணினி எல்லாவற்றையும் ஒரே முகவரியிலிருந்து, ஒரே முகவரிக்கு, ஒரே போர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சூத்திரத்தில் எப்போதும் ஒரே எண்களைப் போட்டால் ஒரே விடைதான் வரும். எல்லா பாக்கெட்டும் ஒரே வாசலில் குவிந்ததற்கு அதுவே காரணம். ஆயிரக்கணக்கான முகவரிகளையும் போர்ட்டுகளையும் மாற்றி மாற்றி அனுப்பும்படி செய்ததும் எட்டு கோர்களும் வேலையில் இறங்கின, கடத்தும் அளவு பல மடங்கு ஏறியது. சோதனை தன்னையே சோதித்துக்கொள்ளாவிட்டால் நல்ல சர்வரையும் கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் இதை வெறும் சோதனைக் கோளாறு என்றும் ஒதுக்கக் கூடாது. கிளை அலுவலகத்தின் மொத்தப் போக்குவரத்தும் ஒரே விபிஎன் சுரங்கத்துக்குள் அடைபட்டு வந்தால், வெளியே தெரிவது இரண்டு முகவரிகள் மட்டுமே. நிஜத்திலும் அதே ஒற்றை வாசல் நெரிசல் வரும். எங்கள் தப்பான சோதனை, வரப்போகும் ஒரு நிஜச் சிக்கலை முன்கூட்டிக் காட்டிக்கொடுத்தது.

கார்டுக்கும் கோருக்கும் நடுவே ஒரு சிறு காத்திருப்பிடம் உண்டு. ரிங் பஃபர் என்போம். பல கார்டுகளில் தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் அளவு 512 இடம். முழு வேகத்தில் 64 பைட் பாக்கெட் வந்தால் 512 இடமும் நிரம்ப 34 மைக்ரோ நொடி போதும். கோர் அவ்வளவு நேரம் வேறு பக்கம் திரும்பினாலே பாக்கெட் தரையில் விழும். மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் சிபியு விழித்தெழவே பத்துக்கணக்கான மைக்ரோ நொடி ஆகலாம். கூட்டமே இல்லாத நள்ளிரவில் பாக்கெட் ஏன் தொலைகிறது என்று பல பேர் குழம்புவது இதனால்தான். ஃபயர்வால் சர்வரில் அந்த ஆழ்ந்த உறக்கத்தை அணைத்து வைப்பது நல்லது. மின் கட்டணம் கொஞ்சம் கூடும்.

அப்படியானால் காத்திருப்பிடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிவிட வேண்டியதுதானே? இந்த ஊருக்கு இதற்கான பதில் நன்றாகத் தெரியும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அடுத்து நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் திட்டப்படி ஊருக்கு மேலே கண்டிப்பேட்டையில் உஸ்மான் சாகர் 1920இலும், இன்னொரு கிளையில் ஹிமாயத் சாகர் 1927இலும் உருவாயின. திடீர் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, ஆறு தாங்கும் அளவில் விடுவதுதான் அவற்றின் பணி. ஆனால் எந்த நீர்த்தேக்கமும் சில மணி நேர, சில நாள் அவசரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். வரத்து எப்போதும் வெளியேற்றத்தைவிட அதிகமாக இருந்தால், எத்தனை பெரிய அணையும் நிரம்பி மதகைத் திறந்தே ஆக வேண்டும். பஃபரும் அப்படியே. அளவோடு பெரிதாக்கினால் நொடிப் பொழுது நெரிசலைத் தாங்கும். அளவுக்கு மீறினால் பாக்கெட் தொலையாது, தாமதமாக வரும்; அனுப்பியவர் அதைத் தொலைந்ததாக நினைத்துத் திரும்ப அனுப்புவார்; வெள்ளம் இரட்டிக்கும். 512ஐ 2048 ஆக்கி, இழப்பு நின்றதா, தாமதம் ஏறியதா என்று இரண்டையும் பார்த்த பிறகே நாங்கள் நிறுத்தினோம்.

தாமதம் நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதும் இங்கே முக்கியம். டென்மார்க்கின் எர்லாங் 1909இல் டெலிபோன் அழைப்புகளைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாடு ஒரு எளிய கணக்கைத் தருகிறது. ஒழுங்கில்லாமல் வந்துசேரும் கூட்டத்துக்கு ஒரே கவுன்ட்டர் என்று வையுங்கள். கவுன்ட்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், ஒருவர் உள்ளே வந்து வேலை முடித்துப் போகும் சராசரி நேரம் கூட்டமில்லாத நாளைப் போல 2 மடங்கு. 90 சதவீதம் வேலையாக இருந்தால் 10 மடங்கு. 95 சதவீதம் என்றால் 20 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்துக்கு இவ்வளவு விலை. எங்கள் சர்வர் அதிகபட்சம் எத்தனை பாக்கெட் கடத்தும் என்பதைவிட, தாமதக் கோடு எந்த இடத்தில் முழங்காலைப் போல மடிந்து மேலே ஏறுகிறது என்பதே எனக்கு வேண்டிய எண். அன்றாடப் போக்குவரத்து அந்த மடிப்புக்கு வெகு கீழே இருக்க வேண்டும்.

வலையமைப்புக் கருவிகளை அளக்கும் முறையை 1999இல் வந்த ஆர்எஃப்சி 2544 என்ற ஆவணம் வகுத்தது. 64 முதல் 1518 வரை ஏழு அளவு பாக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட்கூடத் தொலையாத உச்ச வேகத்தை, ஏற்றியும் இறக்கியும் பாதி பாதியாக நெருங்கிக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபயர்வாலுக்கென்றே 2003இல் ஆர்எஃப்சி 3511 வந்தது. ஃபயர்வால் பாக்கெட்டைக் கடத்துவதோடு நிற்பதில்லை, உரையாடல்களை நினைவும் வைத்துக்கொள்கிறது என்பதை அது கணக்கில் எடுத்தது. ஒரே நேரத்தில் எத்தனை தொடர்புகள், நொடிக்கு எத்தனை புதுத் தொடர்புகள், தாக்குதல் நடக்கும்போது நியாயமான பயனர்களுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பவை அதன் கேள்விகள். பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கத்துக்குள் போய்விட்ட பிறகு, 2023இல் ஆர்எஃப்சி 9411 அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. மூன்றையும் படிக்கச் சொல்லித்தான் புதிதாக வருபவர்களிடம் சொல்வேன்.

நினைவு என்றேன். ஃபயர்வாலை நாட்பட்ட நோய் போலத் தாக்கும் சிக்கல் வருவது இங்கேதான். உள்ளேயிருந்து ஒருவர் வெளியே ஒரு தளத்தோடு பேச ஆரம்பித்தால், ஃபயர்வால் அந்த உரையாடலை ஒரு அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பதில் வரும்போது விதிப்பட்டியல் முழுவதையும் புரட்டாமல், அட்டவணையைப் பார்த்து உடனே விட்டுவிடும். அட்டவணைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்தால் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. பழைய உரையாடல்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், புதியவை மட்டும் காரணம் தெரியாமல் தொங்கும். "எனக்கு வருதே" என்று ஒருவரும் "எனக்கு வரலையே" என்று அடுத்த மேசைக்காரரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். லினக்ஸ் அப்போது தன் பதிவேட்டில் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட் என்று எழுதிவைக்கும். அதைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

அட்டவணை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதற்கு ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்றே போதும்: உள்ளே இருப்பவர் எண்ணிக்கை = வரும் வேகம் × தங்கும் நேரம். கல்யாணப் பந்தியில் நிமிடத்துக்குப் பத்துப் பேர் வந்து, ஆளுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால் இருநூறு இலை போட இடம் வேண்டும். இதுவும் அதே கணக்கு. முடிந்துபோன ஒரு டிசிபி உரையாடலை லினக்ஸ் வழக்கமாக இன்னும் 120 நொடி அட்டவணையில் வைத்திருக்கும். நொடிக்கு 2,000 சிறு தொடர்புகள் வந்து முடிந்தால், முடிந்தவற்றுக்கு மட்டுமே 2,40,000 இடம் போய்விடும். பல சர்வர்களில் பார்க்கும் கொள்ளளவு 2,62,144. இன்னும் ஒன்று: சத்தமில்லாமல் நின்றுபோன உரையாடலை அது எத்தனை காலம் காத்திருக்கும் தெரியுமா? லினக்ஸ் வைத்திருக்கும் அளவு 4,32,000 நொடி, அதாவது ஐந்து நாள். பேட்டரி தீர்ந்து அணைந்த ஒரு கைபேசிக்காக ஐந்து நாள் இலை போட்டு வைத்திருக்கிறது. கொள்ளளவை ஏற்றினோம், ஐந்து நாளைச் சில மணி நேரமாகக் குறைத்தோம். குறைப்பதற்கு முன், நெடுநேரம் பேசாமலே திறந்திருக்க வேண்டிய டேட்டாபேஸ் தொடர்புகள் எவை என்று அந்தப் பிரிவினரிடம் போய்க் கேட்டோம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எண்ணை மாற்றியிருந்தால் மறுநாள் காலை அவர்கள் எங்களைத் தேடி வந்திருப்பார்கள்.

விதிப்பட்டியலுக்கு வருகிறேன். லினக்ஸின் பழைய ஐபிடேபிள்ஸ் முறையில் விதிகள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஒப்பிடப்படும். 3,000 விதிகள் இருந்து, பொருந்துவது கடைசியில் என்றால் 3,000 ஒப்பீடு. ஒன்றுக்கு ஒரே ஒரு நானோ நொடி என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 3,000 நானோ நொடி. நமக்குக் கிடைத்ததோ 67. அட்டவணையில் இருக்கும் உரையாடலை உடனே விடு என்ற விதியைத் தலையில் வைத்துவிட்டால், முழுப்பட்டியலையும் கடக்க வேண்டியது உரையாடலின் முதல் பாக்கெட் மட்டும். இதனால்தான் பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பும் சோதனையில் நீண்ட விதிப்பட்டியலின் கேடு தெரியவே தெரியாது. நொடிக்கு எத்தனை புதுத் தொடர்பு என்று சோதித்தால் அப்பட்டமாகத் தெரியும். முகவரிகளைத் தனித்தனி விதியாக அடுக்காமல் ஒரு தொகுப்பாக வைத்து, இருக்கிறதா இல்லையா என்று ஒரே எட்டில் பார்க்கும் வசதி ஐபிசெட் என்ற துணைக்கருவியில் உண்டு. 2014இல் லினக்ஸுக்குள் வந்த என்எஃப்டேபிள்ஸில் அது இயல்பாகவே இருக்கிறது. ஆயிரம் வரிகள் ஒரு வரியாகும்.

ஆனால் விதிகளைத் தொடும்போது கை நடுங்க வேண்டும். மேலே இருப்பதைக் கீழே மாற்றினால் அர்த்தமே மாறிவிடலாம். ஒரு கணினியைத் தடுக்கும் வரி, அது இருக்கும் பிரிவு முழுவதையும் அனுமதிக்கும் வரிக்குக் கீழே போய்விட்டால், தடை ஏட்டில் இருக்கும், கதவு திறந்திருக்கும். வேகத்துக்காக விதிகளை வரிசை மாற்றிய பிறகு, விட வேண்டியதை விடுகிறதா என்பதோடு, தடுக்க வேண்டியதைத் தடுக்கிறதா என்றும் ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தாக வேண்டும். ஆயிரம் மடங்கு வேகமாகத் தப்பான ஆளை உள்ளே விடும் ஃபயர்வால் யாருக்கும் தேவையில்லை.

இவை எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது. பல இடங்களில் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்; எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுவதும் யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது நினைவிருக்கும். காய்கறிக் கடையில், பெட்ரோல் பங்கில், எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சென்னையிலும் ஹைதராபாத்திலும் டேட்டா சென்டர்கள் வைத்திருக்கும் என்பிசிஐ ஆராய்ந்து சொன்ன காரணம், ஃபயர்வாலோ தாக்குதலோ இல்லை. பணம் போய்ச் சேர்ந்ததா என்று நிலைமை கேட்கும் செய்திகளைச் சில வங்கிகள், பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்ப அனுப்பிக் குவித்திருந்தன. அந்த ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைதான் இருப்புத் தொகை பார்க்கலாம் என்பது போன்ற வரம்புகள் வந்தன. பதில் தாமதமானால் கேட்பவர் இன்னொரு முறை கேட்கிறார், அதனால் இன்னும் தாமதம், இன்னும் கேள்வி. ஃபயர்வாலிலும் இதே சுழல் உண்டு. இணைப்புக் கேட்ட பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் கணினி ஒரு நொடியில் மறுபடி கேட்கும், பிறகு இரண்டு நொடியில், பிறகு நான்கில். எல்லோரும் சேர்ந்து கேட்டால், உடைந்தது சரியான பிறகும் கூட்டம் கலையாது.

அதனால் சர்வரை அதன் உச்சத்துக்கு மேலே, இரண்டு மடங்கு சுமையில் பத்து நிமிடம் வைத்தோம். அது பாக்கெட்டுகளைத் தொலைக்கும் என்று தெரியும், தொலைக்கட்டும். தொலைத்தாலும் தாங்கும் அளவைத் தொடர்ந்து கடத்துகிறதா, அல்லது மோகலும் ராமகிருஷ்ணனும் பார்த்தது போலச் சரிந்து பூஜ்யத்துக்குப் போகிறதா? கோடு கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றது. பிறகு சுமையைச் சட்டென்று அன்றாட அளவுக்குக் குறைத்து, தாமதம் பழையபடி ஆக எத்தனை நொடி என்று இருவரும் திரையைப் பார்த்து வாய்விட்டு எண்ணினோம். அடுத்து, அதே அன்றாடச் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது, "இழு" என்றேன். பையன் முதல் ஃபயர்வாலின் கம்பியைப் பிடுங்கினார். மாற்றாகப் பக்கத்தில் வைத்திருந்த, உரையாடல்களின் அட்டவணை ஏற்கெனவே நகலாகிக்கொண்டிருந்த இரண்டாவது சர்வர் பொறுப்பை எடுத்துக்கொண்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த ஃபைல் ஒரு கணம் நின்று மீண்டும் நகர்ந்தது. அறுந்துபோகவில்லை.

மணி நாலு ஆகியிருந்தது. ஒரு தாளில் அன்றைய தேதி, லினக்ஸ் பதிப்பு, விதிகளின் எண்ணிக்கை, அட்டவணைக் கொள்ளளவு, ஒவ்வொரு பாக்கெட் அளவுக்கும் கிடைத்த எண், தாமதம் மடியும் இடம் எல்லாவற்றையும் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினார் பையன். கீழே, "விதிகள் மாறினால் இந்த எண்கள் செல்லாது" என்று தெலுங்கில் ஒரு வரி. அடுத்த வாரமே ஒரு புதுக் கிளைக்காக நாற்பது விதிகள் சேர்ந்தன. தாளைக் கிழித்துவிட்டு, மறுபடியும் இரவு பதினொன்றரைக்கு அந்தக் குளிருக்குள் போனோம்.